பாலைவனத்தில் ஆர்வி பயணம்: முதல்முறை கிளம்பும் இரண்டு பேருக்கு

அமெரிக்காவின் லாஸ் வேகஸில் ஆர்வியை, அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியை, வாடகைக்கு எடுத்து, கலிஃபோர்னியாவின் டெத் வேலி, மொஹாவே, ஜோஷுவா ட்ரீ பாலைவனங்கள் வழியாக அரிசோனாவின் குவார்ட்ஸைட் வரை போய்த் திரும்ப எட்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நானும் என் நண்பனும் முதல்முறை அதை ஐந்து நாளில் முடிக்கப் பார்த்தோம். மூன்றாம் நாள் மாலை இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அதற்கப்புறம் அதே பாதையில் இன்னும் இரண்டு முறை போய்விட்டோம், இன்றும் நண்பர்களாகத்தான் இருக்கிறோம். அந்தத் துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

காரில் போனால் ஒருவர் ஓட்டலாம், பக்கத்தில் இருப்பவர் தூங்கிக்கொண்டே வரலாம். ஆர்வியில் அது நடக்காது. வீட்டையும் லாரியையும் ஒன்றாக்கி உருட்டிக்கொண்டு போகிற காரியம் இது. ஓட்டுகிறவருக்குச் சாலையைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும்; மற்ற எல்லாவற்றையும் பார்க்க இன்னொருவர் விழித்திருக்க வேண்டும்.

எப்போது போவது

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை. டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் ஜூலை மாதப் பகல் உச்சத்தின் சராசரியே சுமார் 116 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 46-க்கு மேல். உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கும் உலகின் உச்ச வெப்பமும் அதே இடத்தில் 1913 ஜூலை 10 அன்று பதிவானதுதான்: 134 டிகிரி ஃபாரன்ஹீட். ஆர்வி கூரையில் இருக்கும் ஏசி, வெளியே உள்ள சூட்டிலிருந்து ஒரு இருபது டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்தால் பெரிய விஷயம் என்பது ஆர்விக்காரர்களின் கணக்கு. 116-இல் இருபதைக் கழித்துப் பாருங்கள், உள்ளே உட்கார முடியுமா என்று தெரிந்துவிடும். கோடையில் டெத் வேலிக்குள் வண்டியைக் கொண்டுபோகக் கூடாது என்று பல வாடகை நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன.

குளிர்காலத்தில் பகல் சுகமாக இருக்கும். ஆனால் டிசம்பர் இரவு 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும், செல்சியஸில் 5-க்கும் கீழே. பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு போனால் விடிய விடிய நடுங்க வேண்டியதுதான்.

எந்த வண்டி

மூன்று வகை உண்டு. பேருந்து போல் இருப்பது கிளாஸ் ஏ. வேன் அளவில் இருப்பது கிளாஸ் பி. ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டு நிற்பது கிளாஸ் சி. வாடகைக்குப் பெரும்பாலும் கிடைப்பது கிளாஸ் சி, இரண்டு பேருக்கு அது தாராளம். வாடகைக்கு விடப்படும் அளவுகளுக்குச் சாதாரண கார் உரிமமே போதும்.

நீளம் மட்டும் 25 அடியைத் தாண்ட வேண்டாம். டெத் வேலியின் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் சாலையில் 25 அடிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை. டான்டேஸ் வியூ மலை உச்சிக்குப் போகும் கடைசிப் பகுதியிலும் அதே வரம்பு. ஜோஷுவா ட்ரீயின் ஹிடன் வேலி, ஒயிட் டேங்க் முகாம்களிலும் அதே 25. விளம்பரத்தில் 25 அடி என்று போட்ட வண்டி பம்பருக்குப் பம்பர் அளந்தால் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுண்டு. உண்மையான நீளம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

விலையை ஒப்பிடும்போது நாள் வாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இவ்வளவு, படுக்கை விரிப்புக்கும் பாத்திரங்களுக்கும் தனியாக இவ்வளவு என்று பின்னால் சேர்ந்துகொண்டே போகும். காப்பீட்டில் கூரையும் வெய்யில் மறைப்பும் அடங்குமா என்று குறிப்பாகக் கேளுங்கள். பக்கவாட்டில் சுருட்டி வைத்திருக்கும் அந்தத் துணிக்கூரையை ஆனிங் என்பார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சாவி வாங்கும் அந்த ஒரு மணி நேரம்

வாடகை இடத்தில் ஒருவர் வந்து கடகடவென்று எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் போவார். பாதி காதில் விழாது. அதனால் நீங்கள் இருவரும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் அவர் சொல்வது முழுவதையும் போனில் வீடியோ எடுக்கட்டும். மற்றவர் தன் கையால் செய்து பார்க்கட்டும்: ஜெனரேட்டரைப் போட்டு அணைப்பது, வாட்டர் பம்ப் சுவிட்ச், ஹீட்டர், அடுப்பு, கழிவுத் தொட்டி வால்வுகள், ஃபிரிட்ஜ் எதில் ஓடுகிறது என்று மாற்றும் பட்டன். இரவு பதினொரு மணிக்கு, செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் ஹீட்டர் ஓடாமல் போகும்போது அந்த வீடியோவின் அருமை தெரியும்.

வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் படம் எடுங்கள், ஏணி இருந்தால் கூரையையும். டயர்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஓரத்தில் அச்சிட்டிருக்கும் டிஓடி (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும். பழைய டயர் என்றால் தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், வண்டியின் உயரத்தை ஒரு காகிதத்தில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். கிளாஸ் சி பதினொன்று, பன்னிரண்டு அடி உயரம் இருக்கும். காரில் பழகிய மூளை பெட்ரோல் பங்கின் கூரையையும் சாலையோர மரக்கிளையையும் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஐந்து கணக்குகள்

ஆர்வி வாழ்க்கை முழுக்க ஐந்து கணக்குதான்: பெட்ரோல், நல்ல தண்ணீர், கழிவு, புரொப்பேன் என்ற எரிவாயு, பேட்டரி. ஊருக்குள் இதில் எது தீர்ந்தாலும் தொந்தரவு, அவ்வளவுதான். பாலைவனத்தில் அந்த நாளே போய்விடும். பக்கத்து இருக்கைக்காரர் காலையிலும் மாலையிலும் இந்த ஐந்தையும் ஒரு சின்ன நோட்டில் எழுதட்டும்.

பெட்ரோலிலிருந்து தொடங்கலாம். கேலனுக்கு எட்டு முதல் பத்து மைல். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மலையும் எதிர்க்காற்றும் இருந்தால் அதுவும் கிடைக்காது. 55 கேலன் டேங்க் என்றால் கணக்குக்கு நானூறு மைலுக்கு மேல் வரும். ஆனால் ஜெனரேட்டரும் அதே டேங்கிலிருந்துதான் குடிக்கிறது. டேங்க் கால்வாசிக்கு இறங்கியதும் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும், வண்டி ஓட மிச்சம் வைப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். எங்கள் விதி: முள் பாதிக்கு வந்தால் அடுத்த பங்கில் நிறுத்துவது, விலை எவ்வளவு இருந்தாலும் சரி. பங்குக்குள் நுழையுமுன் அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் என்று புரொப்பேனில் எரியும் எதுவும் எரியாதபடி அணைத்துவிடுங்கள்.

நல்ல தண்ணீர் டேங்க் பெரும்பாலும் 30 முதல் 40 கேலன். இது குளிக்கவும் கழுவவும். குடிப்பதற்குத் தனியாகக் கேன்களில் எடுத்துக்கொள்ளுங்கள்: ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு கேலன், அதோடு இரண்டு நாளுக்கான உபரி. டேங்க் நிறைக்க உணவுத் தரத்திலான தனிக் குழாய் வேண்டும், வழக்கமாக வெள்ளை நிறத்தில் இருக்கும். வெந்நீர்த் தொட்டி ஆறு கேலன்தான். நனைத்துக்கொள், தண்ணீரை நிறுத்து, சோப்புப் போடு, திறந்து அலசு. இந்த முறையில் குளித்தால் இரண்டு பேருக்கும் வெந்நீர் கிடைக்கும். இல்லையென்றால் இரண்டாவது ஆள் கத்துகிற சத்தம் கேட்கும்.

கழிவில் இரண்டு தொட்டி. சிங்க், குளியல் தண்ணீர் போவது கிரே. கழிப்பறை போவது பிளாக். புதியவர்கள் எல்லாரும் பிளாக் தொட்டியைப் பற்றியே கவலைப்படுவார்கள். முதலில் நிரம்புவது கிரேதான். அது நிரம்பினால் அழுக்குத் தண்ணீர் குளியல் தொட்டியின் ஓட்டை வழியே மேலே வரும். பாத்திரம் கழுவுவதைக் குறைக்க, முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

புரொப்பேன் சீக்கிரம் தீராது, கிளம்பும்போது நிரம்பியிருந்தால் எட்டு நாள் பெரும்பாலும் ஓடிவிடும். புரொப்பேனில் ஓடும் ஃபிரிட்ஜ் மட்டும், வண்டி சமமாக நிற்காவிட்டால் குளிர்விக்காது. நிறுத்தியவுடன் சமன் பார்ப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

பேட்டரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டுப் பகுதிக்கென்று தனி பேட்டரி உண்டு. விளக்கு, வாட்டர் பம்ப், ஹீட்டரின் விசிறி எல்லாம் அதில். ஏசியும் மைக்ரோவேவும் அதில் ஓடாது. அவற்றுக்கு ஜெனரேட்டரோ முகாமின் மின் இணைப்போ வேண்டும். குளிர் இரவில் ஹீட்டர் புரொப்பேனை எரித்துச் சூடாக்கினாலும், அந்தச் சூட்டை வீசும் விசிறி பேட்டரியைத்தான் தின்னும். விடியற்காலை நான்கு மணிக்குப் பேட்டரி படுத்துவிட்டால் புரொப்பேன் நிறைய இருந்தும் குளிர்தான். தூங்குமுன் ஹீட்டரை 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறைத்துவிட்டு, இரண்டு நல்ல ரஜாய் போர்த்திக்கொள்வது மேல்.

முகாமில் மின் இணைப்பு கிடைத்தாலும் அளவு உண்டு. 30 ஆம்ப் இணைப்பில் கிடைப்பது 3,600 வாட். ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் முடி உலர்த்தியையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும்.

கிளம்பும் முன்

ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உள்ளே இருப்பவர் அலமாரிகள், ஃபிரிட்ஜ் கதவு, கூரை ஜன்னல், அடுப்பு, வாட்டர் பம்ப் பார்க்கிறார். வெளியே இருப்பவர் படிக்கட்டு, ஆனிங், மின் கம்பி, தண்ணீர்க் குழாய், சக்கரத்துக்கு வைத்த கட்டைகள், சாமான் அறைக் கதவுகள் பார்க்கிறார். முடிந்ததும் இடம் மாறி மறுபடி ஒரு சுற்று. இதில் அலுப்புப் பார்த்தால், மின் கம்பியை இழுத்துக்கொண்டே போகிறவர்கள் பட்டியலில் நீங்களும் சேர்வீர்கள். டயர் காற்றை காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும், பயந்துபோய் இறக்கிவிடாதீர்கள்.

ஓட்டும்போது

திரும்பும்போது பின்பகுதி எதிர்ப்பக்கமாக வீசும். பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி எவ்வளவு நீண்டிருக்கிறதோ அவ்வளவு வீச்சு. பங்கில் வலப்பக்கம் ஒடித்தால் இடப்பக்கப் பின்மூலை கம்பத்தில் உரசும். அகலமாகப் போய் மெதுவாகத் திரும்புவதற்கு முதல் நாள் ஒரு காலி வாகன நிறுத்தத்தில் அரைமணி பழகிக்கொள்ளுங்கள். பக்கக் காற்று அடித்தால் வண்டி தானே அடுத்த தடத்துக்கு நகரப் பார்க்கும், பெரிய லாரி கடந்து போகும்போதும் அப்படித்தான். வேகத்தை ஐம்பத்தைந்து, அறுபதில் வைத்துக்கொண்டால் ஸ்டியரிங்கோடு சண்டை போட வேண்டியிருக்காது.

மலை ஏற்றம்தான் எஞ்சினுக்குச் சோதனை. டெத் வேலியின் ஸ்டவ்பைப் வெல்ஸ் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே போகும் 190-ஆம் எண் சாலை டவுன் பாஸ் கணவாயில் 4,956 அடிக்கு ஏறுகிறது. வெப்ப முள் மேலே போகத் தொடங்கினால் ஏசியை அணைத்துவிட்டு, ஓட்டுநர் அறை ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் அது எஞ்சின் சூட்டைத்தான் வெளியே இழுக்கிறது. அப்படியும் இறங்காவிட்டால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். மேலேயே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விட்டு, தேவையானபோது மட்டும் பிரேக்கை அழுத்தி விடுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் இந்த நேரத்தில் காட்சியைப் பார்த்து "அங்க பாரு, அங்க பாரு" என்று சொல்லாமல் இருப்பது பெரிய உதவி.

பாதை

லாஸ் வேகஸிலிருந்து 160-ஆம் சாலையில் பரம்ப். அங்கே பெட்ரோல், மளிகை, தண்ணீர் எல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள், பூங்காவுக்குள் விலை அதிகம். பரம்பிலிருந்து ஃபர்னஸ் கிரீக் சுமார் 60 மைல். அங்குள்ள முகாமில் முழு இணைப்பு (மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய்) உள்ள இடங்கள் மிகச் சில. அரசின் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்பதிவு ஆறு மாதம் முன்பே திறக்கும், திறந்தவுடன் போய்விடும். கிடைக்காவிட்டால் இணைப்பில்லாத இடத்தில் தங்குங்கள். மேலே சொன்ன ஐந்து கணக்கும் கையில் இருந்தால் இரண்டு இரவு தாராளமாகத் தாங்கும்.

பேட்வாட்டர் படுகை கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே, வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த இடம். காலை வெய்யில் ஏறுமுன் அங்கே போய், மாலையில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் போங்கள். நிறங்கள் தெரிவது அப்போதுதான். இரவில் வண்டி விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு நாற்காலியை வெளியே போடுங்கள். இருண்ட வானுக்காக 2013-இல் சர்வதேச அங்கீகாரம் பெற்ற பூங்கா இது. எங்களுக்குள் பேச்சு நின்ற அந்த மூன்றாம் நாள், அது திரும்ப வந்தது இந்த நாற்காலிகளில்தான்.

அடுத்து தெற்கே ஷோஷோனி வழியாக பேக்கர். ஷோஷோனியிலிருந்து பேக்கர் வரை சுமார் 56 மைலுக்கு எதுவும் கிடையாது. பேக்கரில் 134 அடி உயரத் தெர்மாமீட்டர் ஒன்று நிற்கிறது, அந்த 1913-இன் 134 டிகிரியை நினைவூட்ட அத்தனை அடி. விளம்பரத்துக்குக் கட்டியதுதான். ஆனாலும் யாரும் படம் எடுக்காமல் போவதில்லை. பேக்கரில் மீண்டும் பெட்ரோல் நிரப்புங்கள், அடுத்து வரும் மொஹாவே காப்பகத்துக்குள் ஒரு பங்கும் இல்லை.

ஜோஷுவா ட்ரீக்குள்ளும் பெட்ரோல் இல்லை. எந்த முகாமிலும் மின் இணைப்பும் இல்லை. பிளாக் ராக், காட்டன்வுட் முகாம்களில்தான் தண்ணீரும், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனும். ஜெனரேட்டர் ஓட்ட காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 என்று மூன்று நேரம் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் பேட்டரி ஏற்றிக்கொள்ள வேண்டும். சோயா (Cholla) என்ற கள்ளியின் தோட்டத்துக்குப் போனால் பாக்கெட்டில் ஒரு சீப்பு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கள்ளியின் முள்ளுருண்டை துணியிலோ தோலிலோ ஒட்டினால் கையால் எடுக்க எடுக்க கையில் ஏறும். சீப்பை அடியில் செருகி ஒரே நெம்பு நெம்பினால் தெறித்துப் போய்விடும்.

பூங்காவின் தெற்கு வாசலில் இறங்கி 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே சுமார் 90 மைல் போனால் குவார்ட்ஸைட். குளிர்காலம் முழுக்க ஆர்விக்காரர்கள் பாலைவெளியில் கொத்துக்கொத்தாக முகாமிட்டிருக்கும் ஊர். நில மேலாண்மைத் துறையின் திறந்த நிலங்களில், அனுமதியுள்ள இடங்களில் 28 நாளில் 14 நாள்வரை இலவசமாகவே தங்கலாம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் கட்டித் தங்கும் நீண்டகால முகாம்களும் உண்டு. லா போசா என்ற அப்படியொரு முகாமில் தண்ணீரும் டம்ப் வசதியும் இருக்கின்றன. ஊர் இடுகாட்டில் ஒட்டகம் உச்சியில் நிற்கும் ஒரு சின்ன பிரமிடு இருக்கிறது. அமெரிக்க ராணுவம் 1850-களில் ஒட்டகங்களை இறக்குமதி செய்து பாலைவனத்தில் சுமை தூக்க வைத்துப் பார்த்தது. அந்த ஒட்டகங்களோடு வந்த ஹாஜி அலி என்பவரின் சமாதி அது. 1902-இல் இங்கேயே இறந்தார். டேங்க் இல்லாமல் இந்தப் பாதையைக் கடந்த மனிதர் என்பதால் எங்களுக்கு அவர்மேல் தனி மரியாதை.

கடிகாரத்தையும் பாருங்கள். அரிசோனாவில் குளிர்கால நேரம் கலிஃபோர்னியாவைவிட ஒரு மணி முன்னால்.

நிறுத்துவதும் இரவும்

பாலைத் திணைக்கு உரியது பிரிவு என்று பழந்தமிழர்கள் வகுத்துவைத்தார்கள். ஆர்வியைப் பின்னோக்கி எடுத்து முகாம் இடத்தில் நிறுத்தும் பத்து நிமிடத்தில் அதன் பொருள் விளங்கும்.

முறை இதுதான். முதலில் இருவரும் இறங்கி இடத்தைப் பாருங்கள்: பாறை, மேசை, மின் பெட்டி, மேலே கிளை. பிறகு ஒருவர் ஓட்டுநர் பக்கப் பின்மூலைக்கு அருகே, ஓட்டுநரின் கண்ணாடியில் முகம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். கண்ணாடியில் முகம் தெரியாவிட்டால் ஓட்டுநர் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். கை சைகை நான்கு போதும்: வா, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நில். "லெஃப்ட்" என்று கத்தாதீர்கள். வண்டியின் பின்பக்கம் இடமா ஸ்டியரிங் இடமா என்பதில்தான் எங்கள் மூன்றாம் நாள் போனது. பின்பக்கம் எந்தத் திசைக்குப் போக வேண்டுமோ அந்தத் திசையைக் கையால் காட்டினால் குழப்பமே இல்லை. வெளியே நிற்பவர் சொன்னால் நிறுத்துவது, காரணம் பிறகு கேட்பது.

இடம் தேர்வு செய்யும்போது மணல் ஓடைத் தடத்தில் நிறுத்தக் கூடாது. காய்ந்து தட்டையாக, கூப்பிடுவதுபோல் இருக்கும். இருபது மைல் தள்ளி மலையில் பெய்த மழை அந்த வழியாகத்தான் வரும். திறந்த நிலத்தில் சாலையை விட்டு இறங்குமுன் ஒருவர் நடந்து போய் மண்ணை மிதித்துப் பார்க்கட்டும். குதிகால் புதைந்தால் சக்கரமும் புதையும்.

இனி ஆனிங் கதை. இரண்டாவது பயணம், காற்றே இல்லாத மாலை. ஆனிங்கை விரித்து, அடியில் உட்கார்ந்து சாப்பிட்டு, அப்படியே விட்டுவிட்டுத் தூங்கினோம். இரவு இரண்டு மணிக்கு யாரோ இரும்புக் கம்பியால் வண்டியை அடிப்பதுபோல் சத்தம். வெளியே வந்தால் காற்று. துணி கூரை மேல் மடங்கிக் கிடக்கிறது, ஒரு கை வளைந்துவிட்டது. இருவரும் உள்ளாடையோடு நின்று கயிற்றால் கட்டினோம். முன்பணத்தில் பெரும்பகுதி அதற்கே போனது, வாடகை நிறுவனத்தைக் குறை சொல்ல வழியில்லை. தூங்கப்போகும் முன்னும், வண்டியைவிட்டு நகரும் முன்னும் ஆனிங் உள்ளே போயாக வேண்டும்.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதை ஓடவிட்டுக்கொண்டு தூங்காதீர்கள். முதல் நாளே எச்சரிக்கைக் கருவியின் பட்டனை அழுத்தி, கத்துகிறதா என்று பாருங்கள். வெளியே விட்ட செருப்பை, ஷூவைக் காலையில் உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். கொயோட்டுகள், அதாவது நரி போன்ற காட்டு விலங்குகள், அழகாகத்தான் இருக்கும், தின்ன எதுவும் கொடுக்காதீர்கள்.

டம்ப் செய்வது

எல்லாரும் பயப்படுகிற வேலை, உண்மையில் பத்து நிமிடம். தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் செய்வது நல்லது. பாதி காலியாக இருந்தால் சரியாக ஓடாது.

கையுறை போடுங்கள். வண்டியின் வால்வுகள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் குழாய் மூடியைக் கழற்ற வேண்டும். குழாயை வண்டியில் திருகிப் பூட்டி, மறுமுனையைத் தரையிலுள்ள துளையில் செருகி, அதன்மேல் ஒரு கல்லோ காலோ வையுங்கள். முதலில் பிளாக் வால்வைத் திறங்கள். சத்தம் அடங்கும்வரை பொறுங்கள், மூடுங்கள். அப்புறம் கிரே. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். வரிசை மாறினால் குழாயை நீங்கள் கழுவ வேண்டியிருக்கும். முடிந்ததும் பிளாக் தொட்டியில் கொஞ்சம் தண்ணீரும் அதற்கான மருந்தும் விட்டுவையுங்கள். அங்கே குடிக்கத் தகாத தண்ணீர் என்று எழுதிய குழாய் ஒன்று இருக்கும், அது இடத்தைக் கழுவ மட்டும்.

முழு இணைப்பு உள்ள முகாமில் பிளாக் வால்வை எப்போதும் திறந்து வைத்துவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். நீர் மட்டும் ஓடிப்போய்க் கெட்டியானது உள்ளே குவிந்துகொள்ளும். மூடியே வையுங்கள்.

இந்த வேலையை யார் செய்வது என்பதற்கு எங்கள் தீர்வு: முதல் நாள் நாணயம் சுண்டுவது, பிறகு மாறி மாறி.

புழுதி, வெள்ளம், நின்றுபோன வண்டி

அரிசோனாவில் புழுதிப் புயல் சுவர்போல் வரும். கண் தெரியாமல் போகுமுன் சாலையைவிட்டு முழுவதும் விலகி நிறுத்துங்கள். பிறகு எல்லா விளக்கையும் அணைத்து, கைப் பிரேக் போட்டு, காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆபத்து விளக்கைப் போட்டால் பாதுகாப்பு என்று நினைப்போம். அந்த விளக்கைப் பார்த்து, முன்னால் வண்டி ஓடுகிறது என்று எண்ணி, பின்னால் வருபவர் நேராக உங்கள்மேல் வருவார்.

வெள்ளம் ஓடும் சாலைக்குத் தடுப்புப் போட்டிருந்தால் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். அப்படிப் போய் மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை ஓட்டியவரே கட்ட வேண்டும் என்று அரிசோனாவில் சட்டமே இருக்கிறது. மூட வாகன ஓட்டிகள் சட்டம் என்றுதான் ஊரில் அதற்குப் பெயர்.

வண்டி நின்றுபோனால் அதைவிட்டு நடக்காதீர்கள். தேடுகிறவர்கள் கண்ணுக்கு மனிதனைவிட ஆர்வி சீக்கிரம் தெரியும், நிழலும் தண்ணீரும் அதில்தான் இருக்கிறது. இந்தப் பகுதியில் செல்போன் சிக்னல் பாதி நேரம் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், காகித வரைபடம் ஒன்றும் வேண்டும். குறுக்கு வழி என்று போன் காட்டும் மண்சாலையை நம்பிப் போகாதீர்கள். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் அதற்கு அனுமதியும் இல்லை. இன்று எங்கே, எப்போது வந்து சேருவோம் என்று ஊரிலிருக்கும் ஒருவருக்குத் தினமும் செய்தி அனுப்பிவிடுங்கள்.

இருவருக்குள்

இருநூறு சதுர அடிக்கும் குறைவான இடத்தில் எட்டு நாள். யார் முதலில் எழுந்தாலும் மற்றவர் படுக்கையைக் கடந்துதான் போக வேண்டும். நாளுக்கு நூற்றைம்பது மைலுக்கு மேல் போகாதீர்கள், இருட்டுவதற்கு இரண்டு மணி முன்பே நிறுத்திவிடுங்கள். எங்கள் சண்டைகளில் முக்கால்வாசி இருட்டில் இடம் தேடும்போது நடந்தவை. தினமும் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு திசையில் நடந்துவிட்டு வாருங்கள். பசியோடு முடிவெடுக்காதீர்கள். ஓட்டுநர் மாறும் நேரத்தை காலையிலேயே சொல்லிவிடுங்கள், களைத்தவர் தானாக ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு பேரும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டு பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும் நாள்

முந்தின இரவு லாஸ் வேகஸுக்கு அருகிலேயே தங்குங்கள். காலையில் இரண்டு கழிவுத் தொட்டியையும் காலி செய்து, பெட்ரோலும் புரொப்பேனும் ஒப்பந்தப்படி நிரப்பி, தரையைத் துடைத்து, முதல் நாள் எடுத்தது போலவே சுற்றிவந்து படம் எடுங்கள். அலமாரி ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு சார்ஜர் எப்போதும் உள்ளே கிடக்கும்.

கடைசி முறை சாவியைக் கொடுத்துவிட்டு வந்து என் காரை எடுத்தேன். ரிவர்ஸ் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் நண்பன் பின்மூலையில் நின்று, முகம் தெரியும்படி, வா வா என்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிறான்.